மூணு ஓட்டை

ஷாம்பு போத்தல் தீர்ந்தால் என்னோடு வேலை செய்த அக்கா அப்படியே வீசமாட்டார். கத்தியால் மூன்று இடத்தில் குத்துவார். அப்புறம்தான் அது குப்பைக்குப் போகும். பிஸ்கட் டின்னுக்கும் அதே கதைதான். அந்த டின்னில் என்ன விஷம் இருக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"கை பழகிப் போச்சுலா," என்றார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். யார்டில் எல்லோரும் ஓட்டை அக்கா என்றுதான் சொன்னோம், அவர் காதில் விழும்படியே. அவர் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் யார்டு ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் தாண்டி, சுண்ணாம்பு மலை அடியில் இருக்கிறது. பெட்ரோல் காய்ச்சுகிற ஆலைகளில் மிஞ்சுகிற கழிவு அங்கே வரும். செம்பனை எண்ணெய் ஆலை இல்லை, பெட்ரோல். ஆலையில் பெரிய தொட்டிகள் இருக்குமாம். அதன் அடியில் கறுப்பாக ஒரு களி தங்கும். அதை வழித்து டிரம்மில் அடைத்து லோரியில் அனுப்புவார்கள். நாங்கள் கொட்டி, மேலே மிதக்கிற எண்ணெயை வடிப்போம். மிச்சத்தை மரத்தூளோடு பிசைவோம். அது சிமெண்டு ஆலைச் சூளைக்குப் போகும். அங்கே எரிந்துவிடும்.

களி எரிந்துவிடும். டிரம் அப்படியே நிற்கும். அதைச் சுடுதண்ணீர் பீச்சிக் கழுவுவது என் வேலை. கழுவியதைக் குத்துவது அக்கா வேலை. குத்திய பிறகுதான் நசுக்க அனுப்புவார்கள்.

இரும்பு டிரம்மை யாரும் கேட்கமாட்டார்கள். நீல பிளாஸ்டிக் டிரம்மைத்தான் கேட்பார்கள். களியை இளக்குகிற மருந்து அதில் வரும். கெட்டியான டிரம். கறுப்பு மூடி, இரும்பு வளையம். கழுவி வெயிலில் வைத்தால் கடையில் வாங்கியது போல இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ஒரு மண்டையோடு, ஒரு செத்த மீன், இலை இல்லாத ஒரு மரம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் வராது. படம் புரியும்.

அக்கா பிக்காசை எடுத்து மூன்று போடு போடுவார். அடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று.

"ஒண்ணு போதாதாக்கா?"

"ஒரு ஓட்டைன்னா அடைச்சிருவானுங்க. ரெண்டுன்னா யோசிப்பானுங்க. மூணு போட்டா சலிச்சுப் போய் விட்டுருவானுங்க."

அவர் சொன்னது சரி. எங்களுக்கு டிரம் என்றால் விடமுடியாது. நான் பிறந்த தோட்டத்தில் எல்லா லயத்து வீட்டு வாசலிலும் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் முன்னால் வேறு எதுவோ இருந்திருக்கும். என் அம்மா அரிசி கொட்டி வைத்தது களைக்கொல்லி வந்த வாளியில். கழுவினால் போச்சு என்றுதான் வளர்ந்தோம்.

தாப்பா பக்கம் டுரியான் பழத்தோட்டம் வைத்திருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் மாசம் ஒருமுறை வந்து டிரம் கேட்பார். அக்கா குத்திய டிரம்மைக் காட்டி இதைக் கொண்டு போங்கள், பூச்செடி வைக்கலாம் என்பார். அவர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த மாசமும் வருவார்.

காவலுக்கு இருந்த நேப்பாளத்து ஜாகா யார்டில் கிடந்த ஒரு வெள்ளை வாளியில் சட்டை ஊறவைத்திருந்தான். அக்கா சட்டையோடு குத்திவிட்டார். சட்டையிலும் மூன்று ஓட்டை. அந்த ஆள் அதைப் போட்டுக்கொண்டே ஒரு வாரம் வேலைக்கு வந்தான், அக்கா முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தான். அக்கா எட்டாம் நாள் புதுச் சட்டை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

யார்டு முதலாளி தவுக்கேகூட ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நல்ல டிரம் நாலைந்தை நிறுத்தி வை, இன்னும் உதவும் என்றார்.

"மாசே போலே பாக்காய்லா," என்று மலாயில் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

அக்கா தலையாட்டினார். தவுக்கே கார் வெளியே போனதும் அந்த நாலைந்தைத்தான் முதலில் குத்தினார்.

இந்தப் பிடிவாதம் பிடிவாதமா, பயமா, திமிரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலேயே ஆறு வருஷம் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் வாழைக்காய் வறுவலை என் தட்டில் வைப்பார். என் புருஷன் பற்றிக் கேட்பார். தங்கச்சி பற்றிக் கேட்பார். தங்கச்சிக்கு இரண்டு கரு தங்காமல் போனது அவருக்குத் தெரியும். மூன்றாவது தங்கி நாலு மாசம் ஆனபோது நான் முதலில் சொன்னது அவரிடம்தான்.

"வெயிலுல அலையவிடாத," என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடியில்தான் அது நடந்தது.

எங்கள் தோட்டம் எப்போதோ கைமாறிவிட்டது. ரப்பர் பால் மரம் போய் செம்பனை வந்தது. லயத்தை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒருதடவை தீமிதிக்கு எல்லோரும் வருவோம், கோலாலம்பூரில் இருப்பவர்கள்கூட. அந்த வருஷம் புது ரோடு போடுகிறவர்கள் கோயில் குழாயை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் லோரி வரும், ஆனால் பிடித்து வைக்க ஏனம் வேண்டும். என் வீட்டுக்காரர் கமிட்டியில் இருந்தார். கூட்டத்தில் எழுந்து, "என் வீட்டுக்காரி வேலை செய்ற இடத்துல டிரம் மலை மாதிரி கெடக்கு. அஞ்சு டிரம் என் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் அக்காவிடம் கேட்டேன்.

"குடுக்க முடியாது," என்றார்.

"சாமி காரியம்க்கா."

"சாமின்னா குடிக்குமா? குடிக்கிறது ஆளுங்கதான."

"நல்லா கழுவிடுறேன்க்கா. நான்தான கழுவுறவ."

"நீ கழுவுறது நசுக்குறதுக்கு. குடிக்கிறதுக்கு இல்ல."

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன வாக்கு. எனக்கும் அது சுட்டது. கோயிலுக்கு இத்தனை வருஷத்தில் நாங்கள் செய்தது என்று ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு வியாழக்கிழமை லீவு. அன்று ஐந்து நீல டிரம்மை ஒதுக்கி, வீட்டுக்காரரின் கூட்டாளி லோரியில் ஏற்றிவிட்டேன். காகிதத்தைச் சுரண்டி எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் வைத்துச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். வெயிலில் கவிழ்த்தேன். சாயந்திரம் மஞ்சள் கரைத்து உள்ளே முழுக்கப் பூசினேன். வேப்பிலை போட்டு அலசினேன். ஒரு சூடம் ஏற்றிக் காட்டினேன். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். வேப்பிலை வாசம்தான் வந்தது.

அப்போது எனக்கு அது சுத்தம். சத்தியமாகச் சுத்தம். அதே கை பகலில் அந்த டிரம்மைத் தொட இரண்டு உறை போடுகிறது என்பது மனசுக்கு வரவில்லை. எப்படி வராமல் போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா அடுக்கைப் பார்த்தார்.

"அஞ்சு கொறையுதே."

"தெரியலக்கா."

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. பிக்காசை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. மூன்று டிரம்மில் தண்ணீர், இரண்டில் மோர். எட்டு மணியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். தங்கச்சி பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தாள். ருசியா இருக்குக்கா என்றாள்.

பத்து மணிக்கு மேல் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார். அது அவர் கோயில் இல்லை. யாரிடம் வழி கேட்டாரோ, எத்தனை கோயில் ஏறி இறங்கினாரோ. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மோட்டாரில் சாக்கு சுற்றி வைத்திருந்த பிக்காசை எடுத்தார். நேரே பந்தலுக்குள் வந்தார்.

வரிசையாகக் குத்தினார். அடி, இடுப்பு, தோள். ஐந்துக்கும். யாருக்கும் என்னவென்று புரியவில்லை. மோர் காலுக்கடியில் ஓடியது. பூக்குழிப் பக்கம் போகப் பார்த்தது. நாலு பேர் ஓடிப்போய் மண் போட்டுத் தடுத்தார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். "யார்மா நீ? சாமி காரியத்துல கை வைக்கிற."

"இது குடிக்கிற டிரம் இல்லண்ணே. பெட்ரோல் ஆலையில மருந்து வந்த டிரம்."

"யாரு குடுத்தது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஐந்து டிரம் என் பொறுப்பு என்று சொன்ன ஆள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். மோரில் கறிவேப்பிலை மிதந்து போனது. நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எங்க யார்டுல இருந்து வந்தது," என்றார் அக்கா. "குத்த வேண்டியது நான். குத்தாம விட்டுட்டேன்."

அது பொய்யும் இல்லை. ஆனால் உண்மை அது இல்லை.

அப்புறம் சத்தம் பெரிசானது. விஷத்தைக் கொடுத்துவிட்டு வேஷம் போடுகிறாள் என்றார்கள். யாரோ தள்ளினார்கள். அக்கா ஈரத்தில் விழுந்தார். முழங்கை உரிந்தது. எழுந்து சேலையைப் பிழிந்துகொண்டு போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியை ஒரு தரம் பார்த்தார். அவள் கையில் டம்ளர் இருந்தது.

அன்று இரண்டு சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஆனால் தீமிதி வெயிலில் வருஷா வருஷம் யாராவது வாந்தி எடுப்பார்கள். அவ்வளவு ஆட்கள் குடித்தோம். நானும் குடித்தேன். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் அன்றைக்கு ஆகவில்லை.

தலைவர் தவுக்கேவுக்குப் போன் போட்டார். தவுக்கேவுக்கு சுற்றுச்சூழல் ஆபீசு ஆட்கள் வந்துவிடுவார்களோ என்று பயம். அந்த வாரமே அக்காவை நிறுத்திவிட்டார். பிக்காசு என் கைக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா சுங்கை சிப்புட் பக்கம் தன் பழைய தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாசம் கழித்து ஒரு லீவு நாளில் பஸ் ஏறிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

அவர் உட்கார் என்றார். உடனே கேட்டார்.

"தங்கச்சி எத்தனை டம்ளர் குடிச்சுச்சு?"

"ரெண்டுக்கா."

"எந்த டிரம்முல?"

"தெரியலக்கா."

"இப்ப எத்தனை மாசம்?"

"ஏழு. புள்ள ஆட்டம் நல்லா இருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். அப்புறம் தண்ணீர் கொண்டுவர எழுந்து பின்பக்கம் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே ஒரு நீல டிரம் இருந்தது. பழசு. நிறம் வெளுத்திருந்தது. காகிதம் ஒட்டிய தடம் மட்டும் சதுரமாகக் கருநீலமாக இருந்தது. நான் சுற்றிவந்து பார்த்தேன். ஒரு ஓட்டையும் இல்லை. அக்கா மூடியைத் திறந்து செம்பில் மொண்டார்.

"அக்கா, இது என்னாக்கா?"

"எங்க வீட்டு ஆளு கொண்டாந்தது. தெக்கால ஒரு பெட்ரோல் ஆலையில தொட்டிக்குள்ள எறங்கி களி வழிக்கிற வேலை. வரும்போது எடுத்துட்டு வந்தாரு. நானே கழுவுனேன். அதுலதான் குளிச்சோம், பொங்குனோம், குடிச்சோம்."

"அவரு?"

"ஈரல் போச்சு. டாக்டர் தண்ணி போடுவாரான்னு கேட்டாரு. போடுவாருன்னு சொன்னேன். அதோட அவரு வேற ஒண்ணும் கேக்கல. தொட்டிக்குள்ள எறங்குனதும் இருக்கு. இந்த டிரம்மும் இருக்கு. எதால போச்சுன்னு யாரு சொல்லுவா?"

"அப்ப இத இன்னும் வச்சிருக்கீங்களே."

"நானும் அதே தண்ணிதான குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. அதான் பாக்குறேன்."

"என்னாத்தப் பாக்குறீங்க?"

"ஆகுதா இல்லையான்னு."

"தெரியாமலா இத்தனை டிரம்மக் குத்துனீங்க?"

"தெரிஞ்சா எதுக்குலா குத்தணும்," என்றார். "நல்லதுன்னு தெரிஞ்சா குடுத்துடலாம். கெட்டதுன்னு தெரிஞ்சா வாங்குறவனே வாங்கமாட்டான். தெரியாததத்தான் குத்தணும்."

செம்பை நீட்டவில்லை. அதிலிருந்த தண்ணீரைத் தானே குடித்தார். எனக்குக் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர் கொடுத்தார். வந்த காரியத்தையும் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தேன். அவர் பஸ் போயிடும், கெளம்பு என்றார்.

அப்புறம் மாசம் ஒருதரம் போன் செய்வார். முதலில் "தங்கச்சி?" என்பார். பிறந்த பிறகு "புள்ள?" என்பார். நான் நல்லா இருக்கு என்பேன். "சரி," என்று வைத்துவிடுவார். பல் முளைத்ததைச் சொன்னேன். நடக்க ஆரம்பித்ததைச் சொன்னேன். ஒருமுறை பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் சிவப்பாகத் தடிப்பு வந்திருக்கு, சொரிகிறது என்று சொன்னேன்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"நெறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதானாம். களிம்பு குடுத்திருக்காரு."

"ம்."

அந்த மாசம் இரண்டு தரம் போன் வந்தது. அதற்கடுத்த வருஷம் நின்றுவிட்டது. நான் போட்டால் நம்பர் இல்லை என்று வருகிறது. சுங்கை சிப்புட் போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. அவர் மகன் வந்து ஜொகூருக்குக் கூட்டிப்போனான் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றார் இன்னொருவர். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டிரம் அங்கே இல்லை.

நான் யார்டில்தான் இருக்கிறேன். மூன்று ஓட்டைதான் போடுகிறேன். யாராவது டிரம் கேட்டால் முடியாது என்கிறேன். ஏன் என்று கேட்டால் அக்கா மாதிரி பதில் வருவதில்லை.

தங்கச்சி மகளுக்கு இப்போது ஏழு வயசு. என்னைப் பெரியம்மா என்று வாசல்வரை ஓடிவந்து கட்டிக்கொள்ளும். படிப்பு நன்றாக வருகிறது. தடிப்பு வரும், போகும். வெயில் காலத்தில் ரத்தம் வரச் சொரிந்துவிடும். ஒவ்வொரு முறை களிம்பு போடும்போதும் தங்கச்சி ஓட்டை அக்காவைத் திட்டுவாள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். வருஷக்கணக்காகக் கேட்டேன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள எங்க இருந்தாலும் நல்லாவே இருக்கமாட்டா."

"டிரம்ம எடுத்தது நான்," என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. போட்டு முடித்தாள். மூடியைத் திருகினாள்.

"என்னா சொன்ன?"

"அக்கா தரமாட்டேன்னு சொன்னாங்க. அவங்க லீவு அன்னிக்கு நான் எடுத்தேன். மஞ்சள் போட்டுக் கழுவினேன். நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

"நீ அங்கதானக்கா வேலை செய்ற. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அப்புறம், "தெரியல," என்றேன். இரண்டும்தான்.

"மாமாவுக்கு?"

"தெரியும்."

அவள் பிள்ளையைப் போய் விளையாடு என்று அனுப்பினாள்.

"அப்ப அவங்க ஏன் ஏத்துக்கிட்டாங்க?"

"கேக்கலம்மா. மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். அதையும் கேக்காம வந்துட்டேன்."

"அவங்க நம்பர் குடு."

போகாது என்றேன். கொடு என்றாள். கொடுத்தேன். போட்டுக் காதில் வைத்தாள். நம்பர் சேவையில் இல்லை என்று மலாயில் சொன்னது எனக்கும் கேட்டது. அப்புறம் இங்கிலீஷில் சொன்னது. அதுவே துண்டாகிறவரை வைத்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. களிம்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கிளம்பினேன். பிள்ளை வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. களிம்பு பட்டுக் கை பிசுபிசு என்று இருந்தது.

உள்ளேயிருந்து தங்கச்சி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கோபமாகக் கூப்பிடவில்லை. பிள்ளை என்னைப் பார்த்தது. அம்மா இருக்கிற பக்கம் பார்த்தது. நான் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எது சரி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அது என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.